அபராதம் கட்டினால் அத்துமீறல் நியாயமாகிவிடுமா?

வீடு கட்ட அனுமதி வாங்கிய மனையில் நான்கு மாடிக்கு ஜவுளிக்கடை எழும்புகிறது. தெருக்காரர்கள் புகார் கொடுக்கிறார்கள், நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. சில வருடம் கழித்து, 'கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொண்டார்கள், இனி பேச ஒன்றுமில்லை' என்று தகவல் வருகிறது. இப்படிப்பட்ட சமரசங்களைக் குடியிருப்போர் சங்கங்கள் எதிர்க்கும்போது எழும் சந்தேகங்கள் சில.

மீறியவர் பணம் கட்டுகிறார், அரசு வாங்கிக்கொள்கிறது. நடுவில் அக்கம்பக்கத்தாருக்கு என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. வரைபடத்தில் 'வாகன நிறுத்தம்' என்று காட்டிய கீழ்த்தளம் குடோனாகிவிட்டால், கடைக்கு வருகிறவர்களின் வண்டிகள் எதிர்வீட்டு வாசலில்தான் நிற்கும். விட வேண்டிய பக்கவெளியை விடாவிட்டால் இருட்டாவது பக்கத்து வீட்டுச் சமையலறை. கட்டணம் போவது கஜானாவுக்கு. இருட்டு இருக்குமிடத்தில்தான் இருக்கும்.

நொய்டாவில் நடந்தது நல்ல உதாரணம். எமரால்டு கோர்ட் குடியிருப்பில் பூங்கா என்று காட்டப்பட்ட இடத்தில் இரட்டைக் கோபுரங்கள் எழும்பின. அனுமதி கொடுத்ததே நகர ஆணையம்தான். கட்டடங்களுக்கு நடுவே 16 மீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 9 மீட்டராகச் சுருங்கியிருந்தது. குடியிருப்போர் சங்கம் 2012-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் போனது. 2014-ல் இடிக்க உத்தரவு வந்தது. 2021 ஆகஸ்ட் 31-ல் அதை உறுதி செய்த உச்ச நீதிமன்றம், ஆணைய அதிகாரிகளும் கட்டுமான நிறுவனமும் கைகோத்துச் செயல்பட்டதாகவே சொன்னது. 2022 ஆகஸ்ட் 28-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

தமிழ்நாட்டில் வரன்முறைக்குச் சட்டமே இருக்கிறதே?

இருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1971-ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைப் பிற்பாடு சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28 வரை கட்டியவற்றுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு விலக்கு அளிக்கலாம் என்றது அது. நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2000-ல் உச்ச நீதிமன்றம், ஒரு தடவை மட்டும் என்பதால் பிரிவு செல்லும் என்றது.

அந்த 'ஒரு தடவை' பிறகு பல தடவை வந்தது. கெடு தேதியை அரசு திருத்தம் போட்டுப் போட்டுத் தள்ளிக்கொண்டே போனது. 2006 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தங்களை ரத்து செய்தது. மறுவருடமே மீறல் கட்டடங்கள் மீதான நடவடிக்கையைத் தள்ளிவைக்க அவசரச் சட்டம் வந்தது. பின்னர் அதேபோல விலக்கு தரும் 113-சி பிரிவு வந்தது. இதற்குக் கெடு 2007 ஜூலை 1. ஒவ்வொரு கெடுவும் அடுத்த கெடுவரை தைரியமாகக் கட்டலாம் என்ற செய்தியைத்தானே சொல்லும்?

தியாகராய நகர் உஸ்மான் சாலையில் 2017 மே 31-ல் ஜவுளிக்கடைக் கட்டடம் ஒன்று தீப்பிடித்தது. ஒரு நாளுக்கும் மேல் எரிந்தது, பிறகு கட்டடத்தையே இடிக்க நேர்ந்தது. நெரிசலான வணிகத் தெருவில் தீயணைப்பு வண்டி சுற்றிவர இடம் எதற்கு என்று ஊருக்கே புரிந்த நேரம் அது. 113-சி-க்கான விதிகள் வெளியானது அடுத்த மாதம், ஜூனில்!

பல வருடம் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, முதலீடு போட்ட பிறகு இடிப்பது நியாயமா?

மீரட் சாஸ்திரி நகரில் வீட்டுக்கென ஒதுக்கிய மனையில் கடைகள் கட்டியவர்கள் கேட்டதும் இதைத்தான். 2024 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதிகாரிகளின் தாமதமோ, போட்ட பணமோ மீறலுக்குக் கவசம் ஆகாது என்றது. மின்சாரம், குடிநீர் இணைப்பெல்லாம் பணி நிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே தர வேண்டும் என்றும் சொன்னது. வாடகைக்குக் கடை எடுத்தவர்கள் பாடு பரிதாபம்தான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கட்டிக்கொடுத்தவர், தெரு அல்ல.

அப்படியென்றால் ஒன்றரை அடி பால்கனி நீட்டிய வீட்டுக்காரரையும் விட மாட்டீர்களா?

அவரையும் நான்கு மாடிக் கடைக்காரரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. வரன்முறை யாருக்காவது தேவை என்றால் அது பால்கனி நீட்டியவருக்குத்தான். வரன்முறை அவசியமாகும் அபூர்வ சந்தர்ப்பங்களில்கூட, முறையான கணக்கெடுப்புக்குப் பின், குடியிருக்கும் வீடுகளுக்கு ஒரே முறை என்பதுதான் மீரட் தீர்ப்பின் போக்கும்.

எதிர்க்க நினைப்பவர்கள் எங்கே தொடங்குவது?

காகிதத்தில். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, திட்ட அனுமதி வரைபடம், பணி நிறைவுச் சான்று, அனுப்பிய நோட்டீஸ்கள் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள்; 30 நாளில் பதில் வர வேண்டும். சீல் வைக்கும் நோட்டீஸ் கிடைத்ததும் உரிமையாளர் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 80-ஏ பிரிவின்கீழ் அரசிடம் மனுப் போடுவது வழக்கம். அந்த மனு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேளுங்கள், கோப்பு பெரும்பாலும் தூங்குவது அங்கேதான். குடியிருப்பு மனையை வணிக மனையாக்கும் நில உபயோக மாற்றத்துக்கு ஆட்சேபம் கேட்டு நாளிதழில் அறிவிப்பு வரும். பொடி எழுத்தில் இருக்கும், தவறவிடாதீர்கள். நீதிமன்றத்தில் உரிமையாளரும் மாநகராட்சியும் சமரசத்துக்குப் போவது தெரிந்தால், உத்தரவு வருமுன் தங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லி மனுச் செய்யலாம். சங்கத்தின் பெயரில் போனால் நல்லது, செலவும் பகையும் ஒருவர் தலையில் விழாது.