அரியமான் கடற்கரை

கடல் என்றவுடன், மலைபோல் எழுந்து இடியென முழங்கும் அலைகளே பலர்க்கும் நினைவிற்கு வரும். ஆயினும், எல்லாக் கடற்கரைகளும் ஒரே தன்மையன அல்ல. இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில், உச்சிப்புளிக்கு அருகே உள்ளது அரியமான் கடற்கரை. சவுக்கு மரங்கள் நிழல் செய்யும் இக்கரையில் அலைகளின் ஆரவாரம் பெரும்பாலும் இல்லை. குளத்து நீரைப்போலக் கடல் மெல்லென வந்து மணலைத் தொட்டு மீளும். ஆதலின், விடுமுறை நாள்களில் பெற்றோர் தம் மக்களை இங்கு அழைத்து வருகின்றனர். சிறுவர்கள் கால் நனைத்தும், மணல்வீடு கட்டியும், சிப்பி பொறுக்கியும் மகிழ்கின்றனர்.

இவ்வமைதிக்குக் காரணம் யாது? பரந்த கடல்வெளியில் நெடுந்தொலைவு காற்று வீசும்பொழுதே பேரலைகள் தோன்றும். அரியமானோ பாக் விரிகுடாவின் கரையில் உள்ளது. இலங்கைத் தீவும், இராமேசுவரத் தீவும், ஆதாம் பாலம் எனப்படும் மணல்திட்டுகளும் மதில்போல் நின்று, இந்தியப் பெருங்கடலின் பேரலைகளைத் தடுக்கின்றன. மேலும், இவ்விரிகுடா ஆழம் குறைந்தது. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்கும் குறைவே. ஆதலால் கதிரவன் ஒளி அடித்தரையை எட்டுகிறது. அங்கே கடற்புல் செழித்து வளர்கிறது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பழுப்பு நிற இழைகளைச் சிறுவர்கள் குப்பை என எண்ணுவர். அவை கடற்பசு மேயும் புல்லின் இலைகளே. அரிய உயிரினமாகிய கடற்பசுவைக் காக்க, இவ்விரிகுடாவின் வடபகுதியில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாட்டரசு 2022ஆம் ஆண்டில் ஒதுக்கியது.

கடலோர மக்கள் பாக் விரிகுடாவைப் 'பெண்கடல்' என்பர். தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை 'ஆண்கடல்' என்பர். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் ஆண்கடல் கொந்தளிக்கும். பெண்கடல் அமைதியாய் இருக்கும். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வாடைக்காற்று எழுந்ததும் நிலை மாறிவிடும். தடுக்கும் மதில் வடகிழக்கில் இல்லாமையால், பெண்கடலும் சீறும்.

இவ்விரு கடல்களுக்கும் இடையே, இராமேசுவரத் தீவின் முனையில் இருந்தது தனுஷ்கோடி நகரம். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய கடும்புயலில் அந்நகரம் அழிந்தது. பயணிகளோடு சென்ற புகைவண்டியையும் கடல் விழுங்கியது. அமைதியாய்த் தோன்றும் நீரின் ஆற்றலை அந்நிகழ்ச்சி உலகிற்கு உணர்த்திற்று.

ஆகவே, கடலாடச் செல்வோர் முதலில் அவ்வூர் மீனவரிடம் காற்றின் போக்கைக் கேட்டறிதல் வேண்டும். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் கடலில் இறங்கலாகாது. மற்ற நாள்களிலும், சிறுவர்கள் முழங்காலளவு நீரைத் தாண்டுதல் கூடாது. பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் நிற்றல் வேண்டும். கொண்டுவந்த பைகளையும் புட்டிகளையும் கரையில் எறியாது திரும்ப எடுத்துச் செல்லுதல் கடமையாகும். அவை கடற்பசுவின் மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கும்.

கடலின் அமைதி கண்டு மகிழ்வோர், அவ்வமைதி எதனால் வந்தது, எப்பொழுது நீங்கும் என்பதனையும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவே சிறுவர்க்குச் சிறந்த காவல்.