போலீசுக்குத் தண்ணி காட்டிய குடும்ப கார்!

பார்த்தால் சாதாரண குடும்ப கார்தான். நாலு கதவு. பின்னால் பெட்டி படுக்கை வைக்கத் தாராளமான இடம். காலையில் ஆபீஸ் போகிற வழியில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடலாம். சாயங்காலம் மனைவியை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போகலாம்.

ஆனால் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால்... மணிக்கு 283 கிலோ மீட்டர் வேகம்!

'லோட்டஸ் கார்ல்டன்' என்பது இந்தக் காரின் பெயர். 1993-ம் ஆண்டுக் கடைசியில் இங்கிலாந்து போலீசாரைத் திணற வைத்தது இதுதான்.

பசு புலியானது

வாக்ஸ்ஹால் கம்பெனியின் கார்ல்டன், குமாஸ்தாவும் வியாபாரியும் ஓட்டுகிற சாதுவான கார். ஜெர்மனியில் தயாரான அந்தக் கார்களை, பந்தயக் கார்களுக்குப் பேர் போன லோட்டஸ் கம்பெனிக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தில் நார்போக் பகுதியில் ஹெத்தல் என்ற ஊரில் அந்தக் கம்பெனி இருக்கிறது.

அங்கே என்ஜினை 3.6 லிட்டராகப் பெரிதாக்கி, இரண்டு 'டர்போ'க்களையும் பூட்டினார்கள். 377 குதிரை சக்தி! நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைப் பிடிக்கச் சுமார் ஐந்தரை வினாடி போதும். விலை 48 ஆயிரம் பவுண்டு.

நிறமும் ஒன்றே ஒன்றுதான். கறுப்போ என்று நினைக்க வைக்கும் கரும்பச்சை.

பூட்டி வைத்த நகை

சரி, வாங்கியவர் அந்த வேகத்தை அனுபவித்தாரா? ஊஹும்! இங்கிலாந்து நெடுஞ்சாலையில் சட்டப்படி போகக்கூடிய வேகம் மணிக்கு 70 மைல், அதாவது 112 கி.மீ. அதற்கு மேல் உள்ள வேகமெல்லாம் பீரோவில் பூட்டி வைத்த நகை மாதிரிதான். பெட்ரோல் செலவு மட்டும் தினசரி உண்டு!

"குடும்ப காருக்கு எதற்கு இந்த வேகம்? தடை செய்!" என்று சில பத்திரிகைகள் கூச்சல் போட்டன. ஜெர்மன் கார் கம்பெனிகள் தாங்களாகவே 250 கி.மீ. என்று வேகத்துக்குக் கடிவாளம் போட்டிருந்த நேரம் அது. வாக்ஸ்ஹால் மசியவில்லை.

நள்ளிரவில் கைவரிசை

1993 நவம்பரில் ஒரு நாள், வூஸ்டர்ஷையர் பகுதியில் ஒரு வீட்டில் நின்ற லோட்டஸ் கார்ல்டன் திருட்டுப் போனது. அதன் பிறகு பர்மிங்காம் வட்டாரக் கடைக்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று.

நள்ளிரவில் கரும்பச்சைக் கார் வந்து நிற்கும். பெட்டிக்கடை, மதுக்கடைகளை உடைத்துச் சிகரெட், பாட்டில்களை அள்ளிப் போட்டுக் கொண்டு கும்பல் பறந்துவிடும். சுமார் 20 ஆயிரம் பவுண்டு சரக்கு இப்படிக் கொள்ளை போனது.

போலீசார் விரட்டாமல் இல்லை. ஆனால் ரோந்து கார்கள் கிளம்பிச் சூடு பிடிப்பதற்குள் திருடர்களின் காரில் பின்பக்கச் சிவப்பு விளக்குகூடக் கண்ணுக்குத் தெரியாது! கிட்டே நெருங்கவே முடியவில்லை என்று போலீசாரே ஒப்புக் கொண்டார்கள்.

கடைசி வரை ஒருவரும் பிடிபடவில்லை. காரும் கிடைக்கவில்லை. கால்வாயில் தள்ளிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பார்த்தவர் யாரும் இல்லை.

950-தான்!

1,100 கார் செய்வதாகத் திட்டம். வியாபாரம் மந்தமானதால் 1992-ல் 950-உடன் நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருப்பவை இன்று பழைய கார் பிரியர்களின் கையில் இருக்கின்றன. உதிரி பாகம் தேடி அலைய வேண்டும். வீதியில் விட்டுவிட்டு நிம்மதியாகக் கடைக்குள் போக மனசு வராது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடச் செய்த கார், இன்று பூட்டிய கொட்டகையில் போர்வைக்குள் தூங்குகிறது.

காசு கொடுத்து வாங்கியவர் 112-ல் உருட்டினார். அந்தக் காரின் முழு வேகத்துக்கும் வேலை கொடுத்தவன், காசு கொடுக்காத திருடன்தான்!