சம்பளம் இல்லை, வேலை உண்டு!

"பையன் என்ன செய்கிறான்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார்.

"வீட்டில்தான் இருக்கிறான். கம்ப்யூட்டரில் ஏதோ வேலை" என்கிறார் அப்பா. சொல்லும்போதே குரல் இறங்கிவிடுகிறது.

குரல் இறங்க வேண்டியதில்லை. அதுவும் ஒரு தொழில்தான். இணையதளம் அமைக்கும் தொழில்!

கடை வாசலில் பெயர்ப் பலகை இருக்கிறது அல்லவா? இணையதளமும் ஒரு பலகைதான். ஆனால், உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் அதைப் பார்க்கலாம். விலையைத் தெரிந்துகொள்ளலாம். பொருளுக்கு ஆர்டரும் கொடுக்கலாம். அதை அமைப்பவருக்கு 'வெப் டெவலப்பர்' என்று பெயர்.

இவர்களில் பலர் கம்பெனிகளில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். சிலர் எந்தக் கம்பெனியிலும் சேருவதில்லை. மில் தொழிலாளிக்கும் தையற்காரருக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. யார் துணி கொண்டு வந்தாலும் தையற்காரர் தைப்பார். தைத்ததற்குக் கூலி வாங்குவார்.

இப்படி வேலை செய்பவரை 'பிரீலான்சர்' என்கிறார்கள். 'லான்ஸ்' என்றால் ஈட்டி. 1819-ம் ஆண்டில் வால்டர் ஸ்காட் எழுதிய 'ஐவன்ஹோ' நாவலில் இந்தச் சொல் வருகிறது. கூலி கொடுப்பவருக்காகச் சண்டை போடும் வீரர்களை அவர் அப்படிக் குறிப்பிட்டார். இன்று ஈட்டிக்குப் பதில் கம்ப்யூட்டர்!

இலவசக் கருவி

டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், ஜெனீவா நகருக்கு அருகில் உள்ள 'செர்ன்' ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். அவர் அமைத்த உலகின் முதல் இணையதளம் 1991-ம் ஆண்டில் வெளியுலகத்துக்குத் தெரிய வந்தது. 1993 ஏப்ரல் 30-ந் தேதி, அந்த முறையை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது.

ஆகவே, இந்தத் தொழிலுக்கு உரிமைக் கட்டணம் கிடையாது. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் இதன் அரிச்சுவடி. காசு கொடுக்காமலே கற்கலாம். 2003-ல் வந்த 'வேர்டுபிரஸ்' என்ற கருவியும் இலவசம்தான்.

கருவி எல்லோருக்கும் கிடைக்கிறது. அதனால் போட்டியும் அதிகம். வேலையைத் தேடிப் பிடிப்பது எப்படி?

முதல் வேலை எங்கே?

வேலை கொடுப்பவரையும் செய்பவரையும் சேர்த்து வைக்கும் இணையச் சந்தைகள் இருக்கின்றன. 'அப்வொர்க்' அப்படி ஒன்று. 2010-ல் இஸ்ரேலில் தொடங்கிய 'பைவர்' இன்னொன்று. அங்கே 100 ரூபாய்க்கு வேலை செய்தால் 20 ரூபாய் கமிஷனாகப் போய்விடும்.

அங்கே போவது தவறல்ல. ஆனால், பழைய ஆட்களுக்கு நற்சான்றுகள் குவிந்திருக்கும். புதியவருக்கு ஒன்றும் இருக்காது. கூட்டத்தில் அவர் முகம் தெரியாது.

முதல் வேலை பெரும்பாலும் பக்கத்துத் தெருவில்தான் இருக்கும். உங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் டெலிபோன் மணி அடிக்கிறது. "அந்த முகூர்த்தத்துக்கு மண்டபம் காலியா? பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம்? வாடகை எவ்வளவு?" எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள்.

"ஐயா, இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லும் இணையதளம் செய்து தருகிறேன்" என்று மானேஜரிடம் சொல்லிப் பாருங்கள். காது கொடுத்துக் கேட்பார். ஜாவாஸ்கிரிப்ட் பற்றிப் பேசினால் கேட்க மாட்டார். அவருடைய கஷ்டம்தான் உங்களுக்கு வேலை!

போகும்போது மாதிரி ஒன்று செய்து கொண்டு போங்கள். தையற்காரர் கடையில் தைத்த சட்டை தொங்குகிறதே, அதுபோல.

அச்சகங்களையும் விளம்பரக் கம்பெனிகளையும் பாருங்கள். நோட்டீஸ் அடிக்க வருகிறவர்கள் இணையதளமும் கேட்பது உண்டு. சிறிய சாப்ட்வேர் கம்பெனிகள் ஆள் போதாதபோது 3 மாதம், 6 மாதம் என்று காண்டிராக்டில் வேலை கொடுக்கின்றன.

எழுதிக் கொள்ளுங்கள்

வேலை கிடைப்பது பாதி. பணம் கைக்கு வருவது மறு பாதி.

"முடித்துக் கொடு தம்பி, பணம் எங்கே போகிறது?" என்பார்கள். வேலை முடிந்த பிறகு டெலிபோனை எடுக்க மாட்டார்கள்!

ஆகவே, முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை பக்கம்? எந்தத் தேதிக்குள்? எவ்வளவு பணம்? எத்தனை தடவை திருத்தம்? இவை நான்கும் அதில் இருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் ஒரு பங்கு முன்பணம் வாங்குங்கள். நீங்களும் நேர்மையாக இருங்கள். இணையதளப் பெயரைக் கடைக்காரர் பெயரிலேயே பதிந்து கொடுங்கள்.

கூலிக்கு அலைவது எல்லா ஊரிலும் உண்டு. நியூயார்க் நகரம் 2017-ல் இதற்காகவே ஒரு சட்டத்தை அமலுக்குக் கொண்டு வந்தது. 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலை என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும்.

நம் நாட்டிலும் சிறு தொழில்களுக்கு 2006-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 'உத்யம்' என்ற அரசாங்கப் பதிவை இலவசமாகச் செய்து கொள்ளலாம். பதிவு செய்தவருக்கு, வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் வட்டி உண்டு. வேலை தொடங்கும் முன்பே பதிந்து கொள்ளுங்கள்.

உஷார்!

"வேலை தருகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், உடனே விலகி விடுங்கள். வேலை கொடுப்பவர்தான் பணம் தர வேண்டும். பணம் கட்டி ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இந்தத் தொழிலில் ஒன்றாம் தேதிச் சம்பளம் இல்லை. பிராவிடண்ட் பண்டு இல்லை. ஒரு மாதம் வெள்ளம். அடுத்த மாதம் வறட்சி. ஏரியில் தண்ணீர் தேக்குவதுபோல், வரும்போது சேர்த்து வைக்க வேண்டும். 6 மாதச் செலவுக்குப் பணம் சேரும் வரை, இருக்கிற வேலையை விட வேண்டாம். மாலை நேரத்தில் தொடங்கலாம்.

வீட்டில் இருப்பதால் சும்மா இருப்பதாக நினைத்து விடாதீர்கள். வேலை நடுவில் மகனை ரேஷன் கடைக்கு விரட்டாதீர்கள். மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால், அது அவளுடைய ஆபீஸ் நேரம். அந்த நேரத்தில் அடுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ளலாம்!