மார்பக நலமும் செவிலியர் பணியும்

பல்லைப் பேணுவது எப்படி, கண்ணைக் காப்பது எப்படி என்றெல்லாம் சிறு வகுப்பிலிருந்தே நாம் படித்து வருகிறோம். காய்ச்சல் கண்டால் அம்மாவிடம் சொல்கிறோம். காலில் முள் தைத்தால் அப்பாவிடம் காட்டுகிறோம். ஆனால் மார்பகத்தில் ஒரு கட்டி தென்பட்டால், பாட்டி முதல் பேத்தி வரை பலரும் அதை ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்து விடுகிறார்கள். இம்மறைப்பினால் காப்பாற்றக்கூடிய உயிர்களும் கைநழுவிப் போகின்றன. இப்பள்ளியில் பயின்று இன்று செவிலியர் பணியில் இருக்கும் நாங்கள், ஆண்டு மலருக்கென இப்பொருளை எடுத்துக்கொண்டது இதனால்தான். மாணவியர் இதைப் படித்துவிட்டு, வீட்டில் அம்மாவிடமும் அத்தையிடமும் படிக்கக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

ஏன் இத்தனை கவலை?

இன்று உலகில் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. சுமார் 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இதனால் உயிரிழந்தனர். நம் நாட்டிலும் முன்பு கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இருந்த முதலிடத்தை இப்போது இந்நோய் பிடித்துக்கொண்டது. ஆண்களுக்கும் இது மிக அரிதாக வருவதுண்டு.

நம் மாநிலத்தில் புற்றுநோயை எதிர்த்து முதலில் எழுந்தவரும் ஒரு பெண்மணியே. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரமே அடையாற்றில் 1954-ஆம் ஆண்டு புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமாயிற்று. டாக்டர் சாந்தா அதே மருத்துவமனையில் 1955 முதல் 2021-இல் மறையும் வரை பணியாற்றினார். நோய் முற்றுமுன் வந்தால் குணப்படுத்தலாம் என்பதை அவர் ஓயாமல் எடுத்துரைத்தார்.

இயற்கையான மாற்றங்கள் எவை?

முதலில் மாணவியருக்கு ஓர் ஆறுதல். வளரும் வயதில் மார்பகத்தில் உண்டாகும் மாற்றங்களில் பெரும்பாலானவை இயற்கையானவை. சுமார் 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் வளர்ச்சி தொடங்குகிறது. அப்போது காம்புக்குக் கீழே சிறு நெல்லிக்காய் போலத் திரட்சி தோன்றி, தொட்டால் வலிக்கலாம். ஒரு பக்கம் முன்னும் மறுபக்கம் சில மாதங்கள் கழித்தும் வளர்வதுண்டு. வளர்ந்த பின்னும் இரு பக்கமும் ஒரே அளவாக இருப்பதில்லை. இதை நினைத்துத் தோழியருடன் ஒப்பிட்டு மனம் வருந்த வேண்டியதில்லை.

மார்பகத்தினுள் பால் சுரக்கும் மடல்கள் 15 முதல் 20 வரை இருக்கின்றன. அவற்றிலிருந்து நுண்ணிய குழாய்கள் காம்பை நோக்கிச் செல்கின்றன. இடையே கொழுப்பும் நார்த்திசுவும் நிரம்பியுள்ளன. மாதவிலக்கிற்குச் சில நாட்கள் முன்பு இவை சற்றே வீங்குவதால், கனமும் வலியும் திரட்சியும் தோன்றும். மாதவிலக்கு வந்ததும் தணியும்.

இளம்பெண்களுக்குச் சில வேளை உருண்டையான, வழவழப்பான கட்டி ஒன்று தோன்றுகிறது. தொட்டால் விரலுக்குப் பிடிகொடாமல் நழுவி ஓடும். இதனை டாக்டர்கள் ஃபைப்ரோ அடினோமா என்பார்கள். இது புற்றுநோய் ஆகாது. ஆயினும் இன்ன கட்டி என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டரே. நாமோ பக்கத்து வீட்டுக்காரரோ முடிவு செய்தல் ஆகாது.

பாலூட்டும் தாய்மாருக்குப் பால் கட்டிக்கொண்டு, மார்பு சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வருவதுண்டு. அப்போது பால் கொடுப்பதை நிறுத்திவிடும்படி சிலர் யோசனை சொல்வார்கள். அது தவறு. தொடர்ந்து பாலூட்டுவதே கட்டைத் தளர்த்தும். உடன் டாக்டரையும் காண வேண்டும். சிகிச்சைக்குப் பின்னும் சிவப்பு மாறாவிட்டால் மீண்டும் காட்டுவது அவசியம்.

செவிலியர் எவ்வாறு சோதிக்கிறார்?

செவிலியரின் சோதனை, கையால் தொடுவதற்கு முன்பே கேள்விகளில் தொடங்கிவிடுகிறது. வயது என்ன, முதல் மாதவிலக்கு எப்போது, குழந்தைகள் எத்தனை, பாலூட்டினாரா, தாய் அல்லது உடன்பிறந்த சகோதரி யாருக்கேனும் இந்நோய் உண்டா, எந்த மாற்றத்தை எப்போது கண்டார் என்று பொறுமையாக விசாரிக்க வேண்டும். மாதவிலக்குத் தொடங்கிய நாளிலிருந்து 5 முதல் 10 நாட்களுக்குள் சோதிப்பது நல்லது. அப்போது மார்பகம் தளர்ந்து மென்மையாக இருக்கும்.

கதவைச் சாத்தி, திரையிட்டு, துணைக்கு ஒரு பெண்ணை அருகில் இருக்கச் செய்து, என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, சம்மதம் பெற்ற பின்பே சோதனை தொடங்கும். அந்த அம்மாளை உட்கார வைத்து, கைகளைத் தொங்கவிட்டும், தலைக்கு மேல் தூக்கியும், இடுப்பில் ஊன்றி அழுத்தியும், சற்று முன்னே குனிந்தும் இருக்கச் செய்து கண்ணால் கவனிக்கிறோம். தோல் எங்கேனும் உள்ளிழுத்துக் குழி விழுகிறதா என்பது கையைத் தூக்கும்போதுதான் பல வேளைகளில் தெரியும்.

பிறகு படுக்க வைத்து, சோதிக்கும் பக்கத்துத் தோளின் கீழ் சிறு தலையணை வைத்து, அந்தக் கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொல்கிறோம். நடுவிலுள்ள மூன்று விரல்களின் உட்பக்கச் சதையால், சிறு சிறு வட்டமாக, மெல்லவும் நடுத்தரமாகவும் ஆழமாகவும் மூன்று வகையில் அழுத்திப் பார்க்கிறோம். வயலில் சால் விடாமல் உழுவதுபோல, அக்குளிலிருந்து நெஞ்செலும்பு வரை, காறை எலும்பிலிருந்து மார்பின் கீழ் மடிப்பு வரை, மேலும் கீழுமாக விரல்கள் நகர வேண்டும். மார்பகத் திசு அக்குளை நோக்கி வால்போல நீண்டிருப்பதால் அப்பகுதியை விட்டுவிடக்கூடாது. மேற்புற வெளிப்பாகத்தில்தான் புற்றுக்கட்டிகள் அதிகம் தோன்றுகின்றன. இறுதியில் அக்குளிலும் காறை எலும்பின் மேலும் நெறிகட்டி இருக்கிறதா என்றும் பார்க்கிறோம்.

கண்டதைக் குறித்து வைப்பதும் ஒரு கலை. மார்பகத்தைக் கடிகார முகமாக எண்ணி, "வலது மார்பகம், 10 மணி நிலை, காம்பிலிருந்து 3 செ.மீ., அளவு 2 செ.மீ., கடினம், அசையவில்லை, வலியில்லை" என்று எழுதினால், அடுத்துப் பார்க்கும் டாக்டருக்கு ஐயமே இராது.

போதனையில் வந்த மாற்றம்

முன்பெல்லாம் ஒவ்வொரு பெண்ணும் மாதம் தவறாமல் குறிப்பிட்ட முறைப்படி தன்னைத்தானே சோதிக்க வேண்டும் என்று செவிலியர் கற்பித்தனர். சீனாவில் ஷாங்காய் நகரத்து நெசவாலைகளில் வேலை செய்த சுமார் 2 இலட்சத்து 66 ஆயிரம் பெண்களைக் கொண்டு இது ஆராயப்பட்டது. 2002-இல் அதன் முடிவு வெளிவந்தது. மாதச் சோதனை கற்றவர்களிடையே இந்நோயால் இறப்பு குறையவில்லை. தீங்கற்ற கட்டிகளுக்காகச் செய்த அறுவைகளே கூடின. ஆகவே இப்போது நாங்கள் கற்பிப்பது சற்று வேறு. தன் மார்பகம் வழக்கமாக எப்படி இருக்கும் என்பதை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டும். குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ புதிதாக ஒரு மாற்றம் தெரிந்தால் காலம் தாழ்த்தாமல் காட்ட வேண்டும். நாள் குறித்து அச்சத்தோடு தேட வேண்டியதில்லை.

பயிற்சி பெற்ற கைகளின் பயனை மும்பையில் கண்டனர். டாட்டா நினைவு மருத்துவமனையினர் 1998-இல் தொடங்கி, 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் ஒன்றரை இலட்சம் ஏழைப் பெண்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நான்கு முறை, கையால் சோதனை செய்தார்கள். 2021-இல் வெளிவந்த முடிவின்படி, சோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முற்றாத நிலையிலேயே பிடிபட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே இந்நோயால் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. விலையுயர்ந்த கருவி ஏதுமின்றி, பழகிய விரல்களும் பொறுமையும் கொண்டு இதைச் சாதித்தார்கள் என்பது செவிலியராகிய எங்களுக்குப் பெருமை.

எவற்றைக் கண்டால் காட்ட வேண்டும்?

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தோன்றினாலும் டாக்டரிடம் செல்ல வேண்டும்:

1. மார்பகத்திலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி அல்லது தடிப்பு.
2. தோலில் குழி, சுருக்கம், ஆரஞ்சுப் பழத் தோல்போலப் புள்ளிப் புள்ளியான தோற்றம்.
3. காம்பு புதிதாக உள்ளிழுத்தல். காம்பில் செதிலோ ஆறாத புண்ணோ.
4. காம்பிலிருந்து இரத்தம் அல்லது தானாக வடியும் நீர்.
5. ஒரு பக்கம் மட்டும் திடீரென அளவு மாறுதல், சிவத்தல்.

வார்டில் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்றுண்டு. "வலிக்கவேயில்லை சிஸ்டர், அதனால்தான் பேசாமல் இருந்துவிட்டேன்" என்பார்கள். வலியுள்ள கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. தொடக்கத்தில் புற்றுக்கட்டிதான் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி வரட்டும் என்று காத்திருப்பவர் நோய்க்கு நாள் கொடுக்கிறார்.

கட்டி என்றாலே புற்றுநோய் என்று நடுங்கவும் வேண்டாம். மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவையே. ஆஸ்பத்திரியில் மூன்று படிகளில் உறுதி செய்வார்கள். முதலில் கையால் சோதனை. அடுத்து இளவயதினருக்கு ஸ்கேன், வயது கூடியவர்களுக்கு மேமோகிராம் எனும் எக்ஸ்ரே படம். தேவையானால் ஊசி மூலம் சிறிது திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தல். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று அஞ்சி ஓடிவிடுவோர் உண்டு. அந்த அச்சத்திற்கு இடமில்லை. சிறு கட்டியாக இருக்கும்போதே வந்தால், பலருக்கு மார்பகம் முழுவதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் நீக்கியே சிகிச்சை செய்ய முடிகிறது.

செவிலியர் எப்படிச் சொல்லித் தருகிறார்?

நோயாளிக்குப் போதிப்பது ஊசி போடுவதைவிடக் கடினம். முதலில் அவருக்கு என்ன தெரியும், எதற்கு அஞ்சுகிறார் என்று கேட்க வேண்டும். இறுக்கமான உள்ளாடையால் வரும், அடிபட்டதால் வரும், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும், முன்வினைப் பயன் என்றெல்லாம் சொல்வார்கள். இவற்றில் எதுவும் காரணமன்று. வயது ஏறுதல், நெருங்கிய இரத்த உறவில் இந்நோய் இருத்தல், இளவயதில் பருவமடைதல், தாமதமாக மாதவிலக்கு நிற்றல், குழந்தைப்பேறு இன்மை, மாதவிலக்கு நின்றபின் உடல் பருமன், மதுப்பழக்கம் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. பாலூட்டுதல் ஓரளவு காக்கிறது. ஆனால் இவை ஏதுமில்லாத பெண்ணுக்கும் நோய் வரலாம் என்பதால், நோயுற்றவரைக் குற்றவாளிபோல் பார்ப்பது பெரும் அநீதி.

அடுத்து, எளிய சொற்களில், ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாமல், படம் காட்டியும் மாதிரி உருவில் தொட்டுக் காட்டியும் சொல்ல வேண்டும். முடிவில், "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்ப்போம், வீட்டில் உங்கள் சகோதரிக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டு, அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். வெறுமனே தலையசைப்பவருக்கு விளங்கிவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. அவர் சம்மதித்தால் கணவரையோ மாமியாரையோ உடன் வைத்துப் பேசுவது மிகுந்த பலன் தரும். ஏனெனில், பல வீடுகளில் பஸ் கட்டணமும் ஒருநாள் ஓய்வும் அவர்கள் கையில் இருக்கின்றன. அறையில் கேட்ட இரகசியம் அறையைவிட்டு வெளியே போகக்கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இல்லங்களில் செய்ய வேண்டியது

30 வயது கடந்த பெண்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் மார்பகச் சோதனை செய்யும் திட்டம் நம் நாட்டில் உண்டு. தாய்மார்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். 40 வயதைக் கடந்தவர்களும், தாய் அல்லது சகோதரிக்கு இந்நோய் வந்தவர்களும் மேமோகிராம் எப்போது தேவை என்று டாக்டரிடம் கேட்டறிவது நல்லது. தந்தையரும் ஒன்று செய்யலாம்: மனைவி கட்டி என்று சொன்ன அன்றே, செலவையும் திருவிழாவையும் காரணம் காட்டாமல் அழைத்துச் செல்லலாம்.

நாணம் பெண்ணுக்கு அழகு என்று சொல்லி வளர்த்தார்கள் நம் முன்னோர். அதை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் டாக்டரின் முன்னும் செவிலியரின் முன்னும் அந்த நாணத்தைச் சற்று ஒதுக்கி வைத்தலே அறிவுடைமை. மாணவியரே, உங்கள் உடலில் ஓர் ஐயம் எழுந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள். சொல்லத் தயங்கினால் ஆசிரியையிடமோ சகோதரிகளிடமோ சொல்லுங்கள். தாய்மாரே, மகள் சொல்ல வரும்போது அதட்டாமல் கேளுங்கள். உங்களுக்கே ஒரு மாற்றம் தெரிந்தால், பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே சென்று காட்டுங்கள்.