கோலம் போடும் கைக்கு ஒரு ரம்பம்

ஸ்வெட்டர் பின்னுகிறோம், எம்பிராய்டரி போடுகிறோம், ஒயர் கூடை முடைகிறோம், தஞ்சாவூர்ப் படத்துக்குக் கல் ஒட்டுகிறோம். மரவேலை என்று வந்தால் மட்டும், "ஐயோ, அது ஆசாரி வேலை, நமக்கெதுக்கு?" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். கதவும் கட்டிலும் செய்வது ஆசாரி வேலைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மெல்லிய பலகையில் படம் வரைந்து, நூல் மாதிரி பிளேடு கொண்ட ரம்பத்தால் அதை அறுத்தெடுக்கும் 'ஃப்ரெட்வொர்க்' இருக்கிறதே, அது மரவேலையைவிடத் தையலுக்குத்தான் நெருங்கிய உறவு. காலால் மிதிக்கும் தையல் மெஷினில் பழகிய கை, ஊசி ஓரிடத்தில் ஏறி இறங்கத் துணியைத் திருப்பித் திருப்பித் தைக்கும். ஃப்ரெட்வொர்க்கிலும் அதே கதைதான். ரம்பம் ஓரிடத்தில் ஏறி இறங்கும், நாம் திருப்புவது பலகையை.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இது பெரிய பித்தாகவே இருந்திருக்கிறது. நார்ஃபோக் பகுதியில் டெரம் என்ற ஊரிலிருந்த ஒரு கம்பெனி 1895-ல் 'ஹாபீஸ்' என்ற வாரப் பத்திரிகையையே தொடங்கி, அறுப்பதற்கான மாதிரிப் படத்தை இணைப்பாகக் கொடுத்தது. நம் பத்திரிகைகளில் கோலப் பக்கம் வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அதற்கும் முன்னால், 1760-களில், லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் தேசப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோட்டிலேயே அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லித்தர விற்றார். இன்றைக்கு நம் பிள்ளைகள் சேர்த்து விளையாடும் ஜிக்ஸா படத்துக்கு அதுதான் ஆதி. 'ஜிக்ஸா' என்பதே ரம்பத்தின் பெயர், விளையாட்டின் பெயர் இல்லை!

வேண்டிய சாமான் அதிகமில்லை. 'ப' வடிவத்தில் நீண்ட சட்டம் கொண்ட ஃப்ரெட் ஸா, ஒரு டஜன் பிளேடு, மேஜை ஓரத்தில் கிளாம்ப் போட்டு இறுக்க நடுவில் 'வி' மாதிரி வெட்டிய ஒரு பலகை, கையால் சுற்றும் சின்ன டிரில். அவ்வளவுதான். ஹார்டுவேர் கடையில் கேட்டு வாங்கலாம். பிளேடை மாட்டும்போது பல் கீழ்நோக்கி, கைப்பிடிப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். கீழே இழுக்கும்போதுதான் அது அறுக்கும். எங்கள் வீட்டு ஜன்னலைச் சரிபார்க்க வந்த பெரிய ஆசாரியிடம், எவ்வளவு இறுக்கணும் என்று கேட்டேன். "பிளேடைச் சுண்டிப் பாருங்கம்மா. வீணைத் தந்தி மாதிரி ணங்குன்னு சொல்லணும். தொளதொளன்னு இருந்தா கோடு கோணிக்கும்" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லாது.

பிளேடு உடையும். உடைந்தால் கவலைப்பட வேண்டாம், அதற்காகத்தான் டஜனாக வாங்குவது. மெழுகுவத்தித் துண்டைப் பிளேடில் லேசாகத் தேய்த்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும், ஆயுசும் கூடும். கூர்மையான திருப்பம் வந்தால் முன்னே தள்ளாதீர்கள். ரம்பத்தை நின்ற இடத்திலேயே ஏற்றி இறக்கிக்கொண்டு, பலகையை மெதுவாகத் திருப்புங்கள். திரும்பி முடிந்ததும் மறுபடி நகரலாம். பூவின் உள்ளே இருக்கும் ஓட்டை மாதிரி இடங்களுக்கு முதலில் டிரில்லால் துளை போட்டு, பிளேடை ஒரு முனையில் கழற்றி, துளைக்குள் நுழைத்து மறுபடி மாட்டி அறுக்க வேண்டும். ஊசியில் நூல் கோத்த நமக்கு இது ஒரு பெரிய காரியமா?

படம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். உங்கள் கோல நோட்டிலிருந்துதான்! கார்பன் பேப்பர் வைத்துப் பலகையில் இறக்கிவிடலாம். ஆனால் ஒன்று. தரையில் போட்ட கோலத்தை அப்படியே அறுத்தால் பலகை பொலபொலவென்று உதிர்ந்துவிடும். வட்டத்தை முழுசாகச் சுற்றி அறுத்தால் உள்ளே இருப்பது கழன்று விழத்தானே செய்யும்? கோலமாவு தூவும் துளைத்தட்டைப் பாருங்கள், கோடு ஆங்காங்கே விட்டுவிட்டு இருக்கும். அந்த இடைவெளிகள்தான் பாலம். நாமும் அதேபோல் எந்த இதழ் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பாலம் விட வேண்டும். விழப்போகும் பகுதியை முதலிலேயே பென்சிலால் கறுப்பாகத் தீட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் இந்தக் கலையில் மூளைக்கு வேலையே இந்த இடத்தில்தான். அறுப்பது கைப்பழக்கம்.

குழந்தை வாயில் வைக்கும் பொருள்

விளக்குமாடத்துக்கு ஒரு தட்டி, சுவாமி படத்துக்குச் சட்டம் என்று செய்துகொண்டிருந்த வரையில் மேல்பூச்சைப் பற்றி நான் ரொம்ப யோசித்ததில்லை. பேத்தி பிறந்து, அவளுக்கு ஒரு யானை ஜிக்ஸா செய்யலாம் என்று உட்கார்ந்தபோதுதான் விஷயம் வேறானது. "அம்மா, அவ எதைக் கொடுத்தாலும் வாயிலதாம்மா வைக்கிறா. கலர் உரிஞ்சு வந்துடாதே?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஈயம் கலந்த வர்ணத்தைக் குழந்தை சப்பினால் அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க பத்திரமான அளவே ஈயத்துக்குக் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் அந்த விதி வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கு மட்டும்தான். பரணில் கிடக்கும் பழைய டப்பா, பட்டறையிலிருந்து வந்த இரும்புப் பெயிண்டு இவற்றைப் பொம்மைக்குக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கானால் துண்டின் அளவும் முக்கியம். 31.7 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ள குழாய்க்குள் முழுசாகப் போய்விடும் எந்தத் துண்டும் தொண்டையில் அடைக்கக்கூடியது என்பது பொம்மைச் சோதனையில் கணக்கு. நான் எல்லாத் துண்டையும் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமலே அறுக்கிறேன். யானைக்கு ஆறு துண்டு போதும். தும்பிக்கையைத் தனியாக ஒல்லியாக அறுக்கத்தான் ஆசை வரும், அதைத் தலையோடேயே விட்டுவிடுங்கள்.

பலகை விஷயத்திலும் பார்த்து வாங்கணும். பிளைவுட் என்பது மெல்லிய மரத் தகடுகளைப் பசைபோட்டு அடுக்கியது. சாதாரண கமர்ஷியல் ரகத்தில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 ரகத்தில் ஃபீனால் பசை, அதிலிருந்து வெளிவரும் நெடி குறைவு. சட்டத்துக்கும் தட்டிக்கும் 4 மில்லிமீட்டர் பிளைவுட் சுகமாக அறுபடும். சப்பும் குழந்தைக்கானால் பிளைவுட் வேண்டாம், முழு மரமே நல்லது. மாமரப் பலகை சகாயமாகக் கிடைக்கும். வெட்பாலை மரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வெள்ளைவெளேரென்று தந்தம்போல் இருக்கும், சென்னபட்டணத்துப் பொம்மைகள் அதில்தான் கடைகிறார்கள். ஈட்டி மரத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். பேக்கிங் பெட்டிப் பலகையை எடுப்பதானால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'ஹெச்.டி.' என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, எடுக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அடுப்புக்கும் வேண்டாம், பொம்மைக்கும் வேண்டாம்.

இனி உப்புத்தாள். 80-ம் நம்பரில் ஆரம்பித்து 120, 180, 220 என்று வரிசையாகப் போக வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தியதன் கீறல் நின்றுவிடும், பாலிஷ் போட்ட பிறகு பளிச்சென்று பல்லை இளிக்கும். மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே தேயுங்கள். கடைசித் தேய்ப்புக்கு முன் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துக் காயவிட்டால், அமுங்கிக் கிடந்த சிலும்பெல்லாம் எழுந்து நிற்கும். அதையும் தேய்த்துவிட்டால் பிறகு எச்சில் பட்டாலும் சொரசொரக்காது. பழைய நைலான் புடவைத் துண்டை மேலே இழுத்துப் பாருங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

மூக்கையும் வாயையும் மூடி முகமூடி கட்டிக்கொண்டு, முற்றத்திலோ மொட்டைமாடியிலோ இந்த வேலையைச் செய்யுங்கள். வருஷக்கணக்காக மரத்தூளைச் சுவாசிப்பவர்களுக்கு மூக்கில் புற்றுநோய் வருவது மருத்துவர்கள் உறுதிப்படுத்திய விஷயம். வாரத்தில் ஒரு மணி நேரம் செய்கிறவர்கள் அதற்குப் பயப்பட வேண்டாம், என்றாலும் ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் ஜாக்கிரதை தேவை. தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

அரக்கு

மேல்பூச்சுக்கு என் ஓட்டு அரக்குக்குத்தான். துரியோதனன் மாளிகை கட்டிய அதே அரக்கு! புரசு, இலந்தை மாதிரி மரங்களின் கிளையில் ஒட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு பூச்சி சுரப்பது. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் மரத்தில் வளர்த்து எடுக்கிறார்கள். அதைச் சுத்தம் செய்து சில்லுகளாக்கினால் 'ஷெல்லாக்'. தாத்தா காலத்து கிராமபோன் இசைத்தட்டில் இருந்தது அதுதான். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் பளபளப்பு கொடுப்பதும் அதேதான். வாயில் போனால் கெடுதல் இல்லாத பூச்சு வேறெங்கே தேடுவது?

100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 25 கிராம் சில்லு என்று கண்ணாடி பாட்டிலில் போட்டு, ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஆசாரிகள் வாங்கும் ஸ்பிரிட் குடித்தால் விஷம், தீயும் பிடிக்கும். ஆகையால் அடுப்படியில் வைக்கவே கூடாது, பாட்டிலில் பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். பூசி நன்றாகக் காய்ந்தபின் ஸ்பிரிட் ஆவியாகிப்போய் அரக்கு மட்டும்தான் தங்கும். தேவையான அளவே கரையுங்கள். பல மாதம் கிடந்த கரைசல் இறுகிக் காயாது, பிசுபிசுவென்றே நிற்கும். சந்தேகமாயிருந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

பஞ்சை உருட்டி, பழைய வேட்டித் துணியில் பொட்டணமாகக் கட்டிக்கொள்ளுங்கள். பஞ்சு கரைசலைக் குடித்திருக்க வேண்டும், ஆனால் சொட்டக்கூடாது. எட்டு எழுதுவதுபோல ஓட்டிக்கொண்டே இருங்கள். நடுவில் நிறுத்தினால் துணி ஒட்டிக்கொண்டு தடம் விழும். ஒரு கை பூசி அரை மணி ஆறவிட்டு அடுத்த கை. நாலைந்து கைக்குப் பிறகு பலகை உயிர் வந்ததுபோல் ஒளிவிடும். ஐப்பசி மழையில் மட்டும் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்; காற்றில் ஈரம் இருந்தால் அரக்கு வெளுத்துப் புகை படிந்ததுபோல் ஆகிவிடும். சூடான காப்பி டம்ளரை வைத்தாலும் வெள்ளை வளையம் விழும். சோப்பு, சோடா இரண்டும் அதற்கு ஆகாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

நிறம் வேண்டுமானால் மஞ்சள் கிழங்கை வீட்டிலேயே இடித்து ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டி, அந்த ஸ்பிரிட்டிலேயே அரக்கைக் கரையுங்கள். வெயிலில் வெளுக்கும், அது போனால் போகட்டும். கடையில் விற்கும் உதிரி மஞ்சள்பொடி வேண்டாம். பளிச்சென்ற நிறத்துக்காக ஈயக் குரோமேட்டைக் கலப்படம் செய்வதுண்டு. குங்குமம், செந்தூரம் பக்கமும் போகாதீர்கள். சில செந்தூரப் பொடிகளில் ஈயம் இருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

"எதுக்கு இத்தனை பாடு? ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் தடவினா பளபளன்னு ஆயிடுமே" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். பளபளக்கும்தான். ஆனால் தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் காய்ந்து இறுகாத ஜாதி. சில நாளில் தூசியைப் பிடித்துக்கொண்டு சிக்குவாடை அடிக்கும். காய்ந்து இறுகுவது ஆளிவிதை எண்ணெய். அதிலும் 'பாயில்டு' என்று விற்பதில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்பு சேர்த்திருப்பார்கள், அது குழந்தைப் பொருளுக்கு உதவாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போடுவது பேராபத்து. எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு பிறக்கும். சுருட்டி வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், தீப்பெட்டியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவிட்டு, விறைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

மின்சாரத்தில் ஓடும் ஸ்க்ரோல் ஸா இப்போது கிடைக்கிறது. கை வலி உள்ளவர்களுக்கு உபகாரமானது, இரண்டு கையாலும் பலகையைப் பிடிக்கலாம். ஆனால் கை ரம்பத்தில் பத்துப் பலகை அறுத்துப் பழகிய பிறகே வாங்குங்கள். கூந்தலை முடிந்துகொண்டு, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். குழந்தை தூங்கும் நேரத்தில் என்றால் இன்னும் நல்லது. ஆனால் சத்தத்தில் எழுந்துவிடும்!

பேத்திக்குச் செய்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தார், "எங்களுக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்களேன், காசு தர்றோம்" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். கொலுவுக்குத் தட்டி, வாசலுக்குப் பெயர்ப்பலகை என்றால் தாராளமாகச் செய்து கொடுங்கள். பொம்மை விற்பதானால் மட்டும் ஒரு விசாரணை தேவை: 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைத் துறையில் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. முதல் ஆர்டரை வாங்குவதற்கு முன்பே, பதிவு செய்ய என்னென்ன வேண்டும் என்று அந்தத் துறையின் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.