போரில் இறந்த முன்னோரைத் தேடுதல்: சென்னை மாகாணப் படைவீரர் பதிவேடுகள்

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படையினர் கடல் கடந்து சென்றனர். சுமார் 74,000 பேர் இறந்தனர். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையின் எண்ணிக்கை 25 லட்சம் வரை உயர்ந்தது. இறந்தோர் சுமார் 87,000. சென்னை மாகாணத்தவரும் இவர்களில் அடங்குவர். வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உள்ளது. பெரும்போருக்கு இங்கிருந்து சென்றவர் 277, உயிர்நீத்தவர் 14 என்று அது சொல்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. அந்தப் பதினான்கு பேரும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதை வேறு பதிவேடுகளில்தான் தேட வேண்டும்.

வீட்டில் கிடைப்பவை

தேடலுக்குப் பெயரைவிட முக்கியமானவை படை எண்ணும் படைப்பிரிவும். முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு படிக்கலாம். புளி போட்டுத் தேய்த்துவிட வேண்டாம். இறந்தவர் வீட்டுக்கு அனுப்பப்பட்ட வெண்கல வட்டத் தகட்டில் பெயர் மட்டுமே இருக்கும், பதவி இருக்காது. குடும்ப ஓய்வூதியக் கடிதம், பழைய உறை, மணியார்டர் துண்டு எதுவானாலும் அதில் ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு

1917இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், இரு போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. முதற்போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் கணக்கு. போர்முனையில் குண்டுபட்டு இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. பணியில் இருந்தபோது காய்ச்சலில் இறந்தவரும் இதில் சேர்வார்.

இங்கேதான் பலர் தடுக்கி நிற்கிறார்கள். பதிவேடு ஆங்கிலத்தில் உள்ளது; நம் பெயர்களை எழுதிய எழுத்தருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முனுசாமி என்ற ஒருவரே மூனூசாமி, முனிசுவாமி, முன்சாமி என்று பல வடிவங்களில் வரலாம். கன்னியப்பனைக் 'கே' எழுத்திலும் 'சி' எழுத்திலும் 'ஜி' எழுத்திலும் தேட வேண்டும். குடும்பப்பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லாததால், வீரரின் ஒற்றைப் பெயரையே குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார்கள்.

ஆகவே பெயரை விட்டு ஊரைத் தேடுவது நல்லது. இரண்டாம் போர்ப் பதிவுகள் பலவற்றில் கூடுதல் தகவலாக 'பெருமாளின் மகன், இன்ன ஊர், குடியாத்தம், வட ஆற்காடு' என்பது போல ஒரு வரி இருக்கும். மணமானவராயின் மனைவி பெயரும் வரலாம். மாவட்டப் பெயர்களைப் பழைய வடிவில் கொடுக்க வேண்டும்: திருச்சிராப்பள்ளிக்கு டிரிச்சினாபொலி, திருநெல்வேலிக்கு டின்னவேலி, செங்கற்பட்டுக்கு சிங்கிள்புட். தந்தை பெயரும் ஊரும் பொருந்தினால் ஒழிய, பெயர் ஒத்திருப்பதை மட்டும் வைத்து 'இவர்தான் நம் பாட்டனார்' என்று முடிவு செய்யக்கூடாது. ஒரே படைப்பிரிவில் நான்கு கோவிந்தசாமிகள் இருக்கலாம்.

படைப்பிரிவு தெரிந்தால்

படைப்பிரிவு தெரிந்தால் அவர் எங்கே போனார் என்பது தெரியும். 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரி 1914 நவம்பரில், இன்றைய டான்சானியாவிலுள்ள டாங்காவில் போரிட்டது. சென்னை சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி மீது விழுந்து, உடனிருந்தோரைக் காத்து உயிர்விட்டார். ஜார்ஜ் சிலுவை விருது பெற்றார். படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கும், சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் எண்ணிக்கைதான்.

1940இல் லண்டன் குண்டுவீச்சில் வீரர் கோப்புகள் எரிந்துபோன செய்தியைப் படித்து மனம் தளர வேண்டாம். அவை பிரித்தானியப் படையினரின் கோப்புகள். இந்தியச் சிப்பாய்களின் பணி ஏடுகள் இந்தியாவிலேயே அந்தந்தப் படைப்பிரிவிடம் இருந்தவை. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டனிலும், சாப்பர்ஸ் படைக்குப் பெங்களூரிலும் மையங்கள் உள்ளன. எண்ணைக் குறிப்பிட்டு அங்கே எழுதிக் கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் அணுகலாம்.

பெயர் இல்லாதவர்கள்

பிரான்சின் நெவ் சாப்பல் நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர் பெயர்கள் உள்ளன. ஈராக்கின் பஸ்ரா நினைவகத்திலோ, இந்திய அதிகாரிகளின் பெயருக்குக் கீழே 'மற்றும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்' என்று எண்ணிக்கையோடு முடித்துவிட்டார்கள். ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கை, முதற்போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசியப் படையினரும் உழைப்பாளரும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ முற்றிலுமோ நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. இது எழுத்தர் பிழையன்று. யாருக்குப் பெயர் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று அன்று எடுத்த முடிவு.

சயாம்-பர்மா ரயில் பாதையில் மடிந்த மலேயத் தோட்டத் தமிழர்கள் படைவீரர் அல்லர் என்பதால் இப்பதிவேட்டில் வரமாட்டார்கள். அவர்களைத் தனியே தேட வேண்டும்.

படையில் பணியாற்றி, மேற்சொன்ன காலத்துக்குள் இறந்து, பெயர் விடுபட்டவரானால் ஆணையத்துக்குக் குடும்பத்தார் எழுதலாம். படைப்பணிக்கு ஒரு சான்று, இறந்த நாளுக்கு ஒரு சான்று, இரண்டும் தேவை.