விருந்தாளிக்கு ஓர் அறை, வீட்டுக்கு ஒரு வருமானம்



மகள் திருமணமாகிப் போய்விட்டாள். மகன் கொழும்பிலோ கட்டாரிலோ தொழில் செய்கிறான். பிள்ளைகள் படுத்துறங்கிய அறை பூட்டிக் கிடக்கிறது. பெருநாள் வந்தால் திறந்து தூசு தட்டுகிறோம், மறுபடி பூட்டி வைக்கிறோம். 'இந்த அறையில் பிரயாணிகளைத் தங்க வைத்தால் நாலு காசு கிடைக்குமே' என்ற எண்ணம் உங்களுக்கும் வந்திருக்கலாம். பதுளை, பசறை, மடுல்சீமைப் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு அது வீண் ஆசையல்ல. ஆனால், செய்யத் தெரிந்து செய்ய வேண்டிய காரியம்.

எல்லவைப் பார்த்து மயங்க வேண்டாம்

எல்ல ஒரு காலத்தில் ரயில் நின்று போகும் சிறு கடைத்தெரு. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க இன்று உலகின் பல திக்குகளிலிருந்தும் வருகிறார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு அந்தக் கூட்டம் பெருகியது. வீடுகளில் அறை கொடுக்கத் தொடங்கியவர்கள் அங்கே ஏராளம்.

மடுல்சீமையின் கதை வேறு. பிட்டமாருவப் பக்கத்தில் 'சின்ன உலக முடிவு' என்று அழைக்கப்படும் மலை விளிம்பு இருக்கிறது. சூரியோதயம் பார்க்க வருகிறவர்களில் பலர் கூடாரம் அடித்து ஓரிரவு தங்கிப் போகிறார்கள். குளிரில் நடுங்கி எழுந்தவருக்கு என்ன தேவை? சுடுதண்ணீர், சுத்தமான கழிவறை, நனையாத படுக்கை, வயிறு நிறையச் சூடான சாப்பாடு. இவை நான்கும் உங்கள் வீட்டில் இருந்தால் எல்லவோடு போட்டி போட வேண்டியதில்லை.

மூன்று காற்று மெத்தைகள்

இன்று உலகெங்கும் வீடுகளில் அறை பிடித்துக் கொடுக்கும் ஏர்பிஎன்பி எப்படித் தொடங்கியது தெரியுமா? 2007இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இரண்டு இளைஞர்கள் வீட்டு வாடகை கட்ட முடியாமல் திண்டாடினார்கள். அப்போது நகரில் ஒரு மாநாடு நடந்தது. ஹோட்டல்கள் நிரம்பி வழிந்தன. அவர்கள் தம் வீட்டில் மூன்று காற்று மெத்தைகளை விரித்து, காலைச் சாப்பாடும் தருவதாக அறிவித்தார்கள். மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தியர், ஒருவர் பெண்மணி.

கம்பனி 2008இல் உருவானது. ஆனாலும் வியாபாரம் ஓடவில்லை. 2009இல் நியூயோர்க் வீடுகளின் படங்களைப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. படங்கள் இருட்டாகவும் கோணலாகவும் இருந்தன. ஒரு நல்ல கமராவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தாமே படம் பிடித்தார்கள். வருமானம் இரட்டிப்பானது. வீடுகளை யாரும் மாற்றவில்லை. இருந்ததைச் சரியாகக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

உங்களுக்குக் கமரா வேண்டாம், கைத்தொலைபேசி போதும். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் யன்னல்களைத் திறந்துவிட்டுப் பிடியுங்கள். கட்டில், குளியலறை, கழிவறை, யன்னலுக்கு வெளியே தெரியும் தேயிலை மலை, காலைச் சாப்பாட்டு மேசை, வீட்டுக்கு வரும் பாதை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் இருக்கட்டும். கழிவறைப் படத்தை மறைத்தால் பார்ப்பவர் மனதில் சந்தேகம்தான் வரும்.

குறையைச் சொன்னால் நம்பிக்கை வரும்

அடுத்தது வீட்டைப் பற்றிய விவரம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'சொர்க்கம் போன்ற வீடு' என்று எழுதுவதால் ஒருவரும் வரப்போவதில்லை. வந்தவர் ஏமாந்தால் அவர் எழுதும் ஒரு வரி அடுத்த பத்துப் பேரைத் தடுத்துவிடும்.

உள்ளதைச் சொல்லுங்கள். 'கடைசிக் கால் மைல் ஏற்றம், கார் வராது, முச்சக்கர வண்டி வரும்.' 'சுடுதண்ணீர் காலையிலும் மாலையிலும் கிடைக்கும்.' 'மழை நாட்களில் அட்டை இருக்கும், உப்பும் சவர்க்காரமும் தருவோம்.' 'பள்ளிவாசல் பக்கத்தில் இருக்கிறது, சுபஹ் பாங்கு கேட்கும்.' இவற்றை முன்கூட்டியே அறிந்து வருபவர் குறை சொல்ல மாட்டார். எத்தனையோ பேர் பாங்கோசையில் விழித்ததையும் ஒரு நல்ல நினைவாகக் கொண்டுபோவார்கள்.

காலத்தையும் சொல்லுங்கள். ஊவாத் தேயிலையின் சிறந்த பருவம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. அப்போது வீசும் காய்ந்த காற்றுதான் அந்தத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருகிறது. ஐரோப்பாவில் பள்ளிக்கூட விடுமுறையும் ஜூலை, ஆகஸ்டில்தான். ஆகவே உங்கள் அறை நிரம்ப வேண்டிய மாதங்கள் அவை. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழையும் மூடுபனியும் அதிகம். அந்த மாதங்களில் சூரியோதயம் காட்டுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். வாடகையைக் கொஞ்சம் குறைத்து, சூடான சாப்பாட்டை முன்னே வையுங்கள்.

கணக்கு எழுதாத வியாபாரம் கரையும்

ஓர் உதாரணம் பார்ப்போம். இருவருக்கு ஓரிரவு 8,000 ரூபா என்று வையுங்கள். இணையத்தளத்தின் கழிவு 15 வீதம் என்றால் 1,200 ரூபா போய்விடும். காலைச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் 1,500. சலவை, சவர்க்காரம், மின்சாரம் 1,000. உதவிக்கு வரும் பெண்ணுக்கு 800. கையில் நிற்பது 3,500 ரூபா. மாதத்தில் ஆறு இரவு நிரம்பினால் 21,000. உங்கள் வீட்டுச் செலவை இதே வரிசையில் ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். 'எட்டாயிரம் கிடைத்தது' என்று நினைத்துச் செலவழித்தால் மாதமுடிவில் திண்டாட நேரும்.

இணையத்தளத்தில் சேருமுன் கழிவு எவ்வளவு, பணம் எந்த வழியாக, எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதை விசாரித்துவிடுங்கள். ஏர்பிஎன்பியில் 'சுப்பர்ஹோஸ்ட்' என்ற தரம் இருக்கிறது. வருடத்தில் குறைந்தது 10 தங்கல்கள், 5க்கு 4.8 புள்ளி, விசாரணைகளில் 90 வீதத்துக்கு 24 மணி நேரத்துக்குள் பதில், நாமாக ரத்துச் செய்தது 1 வீதத்துக்கும் குறைவு என்பவை அதற்கான முக்கிய நிபந்தனைகள். இவற்றில் எதற்காவது பெரிய வீடு வேண்டுமா? சுறுசுறுப்பும் வாக்குச் சுத்தமும் போதும்.

நம் வீடு, நம் ஒழுங்கு

'அந்நிய ஆட்கள் வீட்டுக்குள் வந்தால் பெண்பிள்ளைகளின் நிலை என்ன?' என்று உம்மாமார் கேட்பது நியாயமே. தனி வாசலும் தனிக் குளியலறையும் உள்ள அறையை மட்டும் கொடுங்கள். குடும்பங்களுக்கும் பெண் பிரயாணிகளுக்கும் மட்டும் என்று தீர்மானிப்பதானால் அந்தந்தத் தளத்தின் விதி அதற்கு இடமளிக்கிறதா என்று முதலில் பாருங்கள். மதுபானம் கூடாது, வெளியாரை அறைக்கு அழைத்து வரக்கூடாது என்பவற்றை விவரத்திலேயே எழுதுங்கள். வந்து பெட்டியை இறக்கிய பிறகு சொன்னால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

நமக்குச் சாதாரணமாகத் தெரிவது பிறருக்கு அருமையானது. ஹலால் சாப்பாடு, அறையில் ஒரு முஸல்லா, சுவரில் கிப்லாக் குறி, வுளூச் செய்ய வசதி ஆகியவை இருப்பதை எழுதிவிட்டால் மலேசியா, மாலைதீவு, வளைகுடா நாடுகளிலிருந்து வரும் குடும்பங்கள் தேடி வரக்கூடும். மற்றவர்களுக்கோ உங்கள் இடியப்பமும் வட்டிலப்பமும் ஊவாத் தேநீரும் ஹோட்டலில் கிடைக்காத விருந்து.

சட்டத்தையும் அயலையும் மறவாதீர்

2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, வீடுகளில் விருந்தினரைத் தங்கவைப்பவர்களையும் பதிவு செய்கிறது. என்ன பத்திரங்கள் தேவை என்று அங்கும் உங்கள் பிரதேச சபையிலும் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்ட லயங்களில் வாழும் பல குடும்பங்களிடம் வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இல்லை. அந்தச் சகோதரிகள் அறை கொடுப்பது கடினம். ஆனால் சலவை, சமையல், வழிகாட்டல், காய்கறி என்று உங்கள் விருந்தாளியால் அவர்களுக்கும் ஒரு பங்கு போய்ச் சேரலாம். தேயிலைக்குள் நடக்கத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கொழுந்து பறிப்பவரைக் கேளாமல் படம் பிடிக்கக் கூடாது. இவ்விரண்டையும் விருந்தாளிக்குச் சொல்வது உங்கள் பொறுப்பு.

கைபிடித்துக் காட்ட ஒரு தாத்தா

நம் குடும்பங்களில் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம். தையலையும் சமையலையும் தாத்தாவின் பக்கத்தில் இருந்துதான் படித்தோம். இதற்கும் ஒரு தாத்தா வேண்டும். பண்டாரவளையிலோ எல்லவிலோ அறை கொடுத்துப் பழகிய ஒரு பெண்ணைத் தேடுங்கள். அவரது வீட்டில் காசு கொடுத்து ஓரிரவு தங்குங்கள். விருந்தாளியின் கண்ணால் எல்லாவற்றையும் பாருங்கள். வந்ததும் என்ன கொடுத்தார்? போர்வை போதுமா? எது எரிச்சலூட்டியது? பிறகு மனம்விட்டுக் கேளுங்கள்: 'முதல் வருடம் எதில் காசு வீணானது? எந்த விருந்தாளியை வேண்டாம் என்பீர்கள்?' அவர் தரும் பதில் ஆயிரம் விளம்பரத்துக்குச் சமம். உங்கள் முதல் விருந்தாளிகள் வரும்போது அவரிடமே யோசனை கேளுங்கள். நாளை நீங்களும் இன்னொரு தங்கைக்குச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் அறை நிரம்பியிருந்தால் அடுத்த விருந்தாளியை அவள் வீட்டுக்கு அனுப்புங்கள். ஊரில் நான்கு நல்ல வீடுகள் இருந்தால்தான் பிரயாணிகளிடையே ஊரின் பெயர் பரவும்.

கடன்பட்டுக் கட்டாதீர்கள்

கடைசியாக ஒன்று, இதுவே முக்கியமானது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின் பிரயாணிகள் வருவது சட்டென்று குறைந்தது. 2020இல் கொரோனாவால் விமான நிலையமே மூடப்பட்டது. 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு வரிசையில் நின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியும் மண்சரிவும் பதுளை மாவட்டத்தை உலுக்கின, மலைநாட்டு ரயில் பாதையும் சேதமானது. ஏழு வருடத்துக்குள் நான்கு அடிகள். நுண்கடன் எடுத்து மாடி கட்டியவருக்கு விருந்தாளி வராத மாதத்திலும் தவணை வந்து நிற்கும். பூட்டிக் கிடந்த அறையைத் துப்புரவாக்கித் தொடங்கியவருக்கோ அறை மறுபடி பூட்டிக் கிடக்கும், அவ்வளவுதான் நட்டம்.

ஆகவே சகோதரிகளே, இருக்கும் ஓர் அறையிலிருந்து தொடங்குங்கள். முதலில் வரும் காசில் நல்ல மெத்தை, அடுத்ததில் சுடுதண்ணீர் என்று சம்பாதித்ததைக் கொண்டே பெருக்குங்கள். விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது நமக்குப் புதிதல்ல. அதோடு நேர்மையான சொல்லும் சரியான கணக்கும் சேர்ந்தால், இன்ஷா அல்லாஹ், அந்த வருமானத்தில் பரக்கத்தும் இருக்கும்.